ராத்திரி பூரா சார்ஜ் போடாதீங்க அக்கா

அந்தக் கெப்பாசிட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கடை மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து உள்பக்கமாகக் கையை விட்டால் ஒரு செல்லோடேப் துண்டு தட்டுப்படும். அதற்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. பக்கத்தில் ஒரு கேழ்வரகு மணியை வைத்தால் அது பூதமாகத் தெரியும். வேலை பழகும் பையன் ஒருமுறை, “என்னண்ணே, வெறும் டேப்பை ஒட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். “சும்மாதான்டா” என்றேன். அவனிடமும் பொய்.

செல்போன் சர்வீஸ் என் தொழில். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் மூன்று வருடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டேன். டிஸ்பிளே மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் இன்று தெருவுக்கு நாலு பேர் செய்கிறார்கள். ‘போர்டு வேலை பார்க்கிறவன்’ என்ற பெயர்தான் எனக்குச் சோறு போடுகிறது. போர்டு வேலை என்றால் முக்கால்வாசி ஹாட் ஏர். ஒரு கைப்பிடி, அதற்குள் ஹீட்டர், அதன் வழியாக ஊதி வரும் காற்று. சால்டரிங் அயர்ன் முனை போக முடியாத இடத்துக்கு அந்தக் காற்று போகும். இன்றைய ஐசிகளுக்கு வெளியே கால்கள் கிடையாது. வயிற்றுக்கு அடியில் கடுகைவிடச் சின்ன ஈயக்குண்டுகள் வரிசையாக ஒளிந்திருக்கும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் உருகினால்தான் ஐசி எழுந்து வரும். என் மாதிரிச் சின்னக் கடையில் அதற்குக் காற்றை விட்டால் வேறு வழியில்லை.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும். சொம்பில் ரசம் இருக்கும்வரை அடுப்பு என்ன எரித்தாலும் சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை ஏற்றினால் போச்சு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் இருக்கிறவரை அது கொதிக்கிற சூட்டைத் தாண்டிச் சொம்பு சுடாது. ஒரு தீபாவளிக்கு மறுநாள் அம்மா வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பின்கட்டில் யாரிடமோ பேசப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டை.

செல்போன் போர்டுக்குள்ளும் ரசம் உண்டு. அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும் தாமிரத் தகடுகள்தான் அது. மேலே எவ்வளவு சூடு காட்டினாலும் அவை வாங்கிப் பக்கத்துக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். மெஷினின் திரையில் 360 என்று எரியும். அது காற்று கிளம்புகிற இடத்துச் சூடு. ஐசிக்கு அடியில் எவ்வளவு என்பதை மெஷின் சொல்லாது. அதைக் கண்ணும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய ஈயம் கொஞ்சம் கருணை உள்ளது. காரீயம் தனியாக உருக 327 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232. இரண்டையும் 37-க்கு 63 என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும். தனித்தனியாக இருந்ததைவிடச் சேர்ந்தபின் சீக்கிரம் இளகுகிற இந்தச் சங்கதி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் மின்னணுச் சாதனங்களில் காரீயம் கூடாது என்று சட்டம் வந்தது. அங்கேயும் விற்க வேண்டிய போனை அங்கே ஒருமாதிரி, இங்கே ஒருமாதிரி என்று யார் செய்வார்கள்? உலகம் முழுக்கக் காரீயம் இல்லாத ஈயமே வழக்கமாகிவிட்டது. (தமிழில் இதைச் சொன்னால் ‘ஈயம் இல்லாத ஈயம்’ என்று வரும். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.) வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளி, துளி தாமிரம் கலந்த இந்தப் புது ஈயம் 217 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். முப்பத்து நாலு டிகிரிதான் வித்தியாசம். எங்கள் தொழிலில் அந்த முப்பத்து நாலில்தான் ஆளின் குணம் தெரியும்.

என் குணத்தைச் சொல்கிறேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது.

மெஷினில் இரண்டு திருகு. ஒன்று சூடு, ஒன்று காற்று. முறைப்படி செய்வதானால் முதலில் ஈயம் சீராக ஓட உதவும் பேஸ்டைத் தடவ வேண்டும். பக்கத்தில் இருக்கிற பொடிச் சாமான்களையெல்லாம் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பால் மூட வேண்டும். தள்ளி நின்று, வட்டம் வட்டமாகச் சுற்றி, போர்டு முழுவதையும் வெதுவெதுப்பாக்கிவிட்டு, பிறகு மெல்ல நெருங்க வேண்டும். பேஸ்ட் குமிழ் விட்டு அடங்கும். அதன்பின் ட்வீஸர் நுனியால் ஐசியின் ஓரத்தைப் பட்டும் படாமலும் தொட்டுப் பார்ப்பது. ஈயம் உருகியிருந்தால் ஐசி லேசாக நகர்ந்துவிட்டுத் தானாகவே பழைய இடத்தில் வந்து உட்காரும். உருகிய ஈயம் தன்னைச் சுருட்டிக்கொள்ளப் பார்க்கிற இழுப்பு அது. தொட்டில் ஆடி நிற்பது போல இருக்கும். அந்த ஒரு அசைவைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

அசையாவிட்டால்? இன்னும் இருபது நொடி காத்திருக்க வேண்டும். நான் அங்கேதான் காற்றைக் கூட்டுவேன். ரிச்சி தெருவில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், “காத்தைத் திருகத் தோணுச்சுன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காருடா” என்று தலையில் குட்டியிருக்கிறார். குட்டு வாங்கிய இடம் ஆறிவிட்டது. பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தால் நான் செய்த நாசங்களைக் கணக்கு எடுத்தால் ஒரு நோட்டு பிடிக்கும். சார்ஜிங் ஐசியைக் கழற்றப் போய்ப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கனெக்டரை வெல்லப்பாகு போல வளைத்திருக்கிறேன். கெப்பாசிட்டரின் ஒரு முனையில் மட்டும் ஈயம் முந்தி உருக, அது சாமானை இழுத்து நடுகல் மாதிரி நிமிர்த்தி வைத்த காட்சியையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடலோரக் காற்றில் நாள்கணக்கில் திறந்து கிடந்த ஐசி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதில் சட்டென்று சூட்டைக் காட்டினால் ஈரம் ஆவியாகி, ‘டப்’ என்று பொரி பொரிந்த சத்தத்தோடு ஐசியின் முதுகு உப்பும். முதலில் மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் காயவைத்திருந்தால் உப்பாது. காயவைக்க எனக்கு ஏது பொறுமை?

ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரே வசனம் கைவசம் இருந்தது. “தண்ணி உள்ள போயிருக்கு சார். போர்டு அப்பவே போயிருச்சு.” தண்ணீர் படாத செல்போன் நம் ஊரில் எது? பாத்ரூமுக்குக் கொண்டு போகாதவர் யார்? அவர்களே யோசித்து, “ஆமாங்க, போன மாசம் மழையில கொஞ்சம் நனைஞ்சுது” என்று என் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதில் எனக்குப் பெரிய உறுத்தல் இருந்ததில்லை. கெட்டுப்போன பொருளைத்தானே கொண்டு வந்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அக்கா விஷயம் அப்படி இல்லை.

2019 ஆவணி. முகூர்த்த நாட்கள் நெருக்கிக்கொண்டு நின்ற சமயம். என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு தையல் கடை. நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண பிளவுஸில் ஆரி வேலை செய்வதில் அக்காவுக்கு ஊரில் பெயர். அன்று காலை கடை திறந்ததும் வந்துவிட்டார். போன் சார்ஜ் ஏறவில்லை. அதற்குள்தான் அளவு பிளவுஸ் போட்டோக்கள், மணப்பெண்கள் அனுப்பிய டிசைன், யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்கிற வாய்ஸ் மெசேஜ் எல்லாம். “பதினொரு பிளவுஸ் நிக்குது தம்பி. இதை முடிச்சுக் குடுத்துடு, நான் இங்கயே உக்காந்துக்கறேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்காரவில்லை. மடியில் துணியை விரித்து மணி கோக்கத் தொடங்கினார்.

சார்ஜிங் ஐசி போயிருந்தது. அதில் சந்தேகமில்லை, மீட்டர் தெளிவாகச் சொன்னது. புது ஐசியும் கையில் இருந்தது. மஞ்சள் டேப் மேசையில்தான் இருந்தது. ஒரு கை தூரம். எட்டி எடுத்து நாலு துண்டு கிழித்து ஒட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கை வேறு விதமாக ஓடும். நல்ல தொழில்காரனுக்கு நிதானம் வரும், எனக்கு வித்தை காட்டத் தோன்றும். டேப் போடாமலேயே காற்றைப் பிடித்தேன். ஐசி அசையவில்லை. எண்ணிப் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இடது கை தானாகப் போய்க் காற்றுத் திருகைத் திருகியது.

ஐசி வந்தது. அதே நொடியில் மைக்ராஸ்கோப்பின் ஓரத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது.

பழைய ஈயத்தை வழித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, ஐசிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற நாலு கெப்பாசிட்டர்களில் ஒன்றைக் காணோம். ஜோடியாக இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. பல் விழுந்த ஈறு போல. மேசை விரிப்பில் தேடினேன். ட்வீஸர் நுனியில், சட்டைக் கையில், முன்னங்கை முடியில்கூடத் தேடினேன். இந்த அளவுச் சாமான்களில் மதிப்பு எதுவும் அச்சடித்திருக்காது. பழுப்பு நிறத் துகள், அவ்வளவுதான். ஆனாலும் வழி இருந்தது. வரைபடத்தைத் திறந்தால் அதன் மதிப்பு தெரியும். பெட்டியில் கிடக்கும் செத்த போர்டு எதிலிருந்தாவது அதே மதிப்பில் ஒன்றைக் கழற்றி, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். மிஞ்சிப் போனால் கால் மணி நேரம்.

நான் வேறு கணக்குப் போட்டேன். நாலும் பக்கம் பக்கமாக ஒரே வேலையைச் செய்கின்றன. மின்சாரம் ஏறி இறங்காமல் சமன் செய்வதற்குத்தான் நாலு. மூன்று இருக்கின்றனவே, ஓடும். எங்கள் தொழிலில் நிறையப் பேர் சொல்கிற கணக்குதான், பல நேரம் உண்மையும்கூட. ஆனால் அதை நான் கணக்காகப் போடவில்லை என்பது எனக்கே தெரியும். முதலில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் பிறகுதான் வந்தது.

புது ஐசியை வைத்தேன். போன் உயிர் பெற்றது. சார்ஜ் ஏறுகிற பச்சை அடையாளத்தைப் பார்த்ததும் அக்கா துணியை மடித்துவிட்டு எழுந்து வந்தார். பேஸ்ட் பிசுபிசுப்பைக்கூட ஆல்கஹாலில் கழுவித் துடைக்காமல் தகட்டு மூடியைப் போடப் போனேன். அப்போது கேட்டார்.

“அந்தக் கண்ணாடி வழியா நானும் ஒரு தடவ பாக்கட்டுமா தம்பி? இவ்ளோ நேரம் அதுக்குள்ள என்னதான் பண்றீங்கன்னு பாக்கணும்.”

இந்த இடத்தைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் இதற்கு வருவதைத் தள்ளிப்போட எழுதியதோ என்னவோ.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அந்தக் காலி இடம்தான் நேராகத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் குனிவதற்குள் போர்டை ஒரு விரலால் நகர்த்தினேன். நகக்கண் அளவு நகர்த்தினால் போதும், அந்தப் பூதக்கண்ணாடிக்கு அது ஒரு ஊர் தாண்டின தூரம். நான் கை வைக்காத மூலை வந்து நின்றது. தொழிற்சாலையில் வைத்த வரிசை, பளபளவென்று, ஒரு நூல் பிசகாமல். அக்கா ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

“யம்மாடி! இதுக்கு முன்னாடி என் பாசிமணியெல்லாம் பூசணிக்காய் தம்பி. எப்படி உங்க கை நடுங்காம இருக்கு?”

அக்காவுக்கு அது என்ன ஐசி என்று தெரியாது, அவர் கேட்டதும் அந்த இடத்தை அல்ல. நகர்த்தாமல் விட்டிருந்தாலும் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. அதை யோசிக்கும்போதுதான் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. யாரும் பிடிக்க முடியாத இடத்தில்கூட ஒளிகிறவன் எப்படிப்பட்டவன்? 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் செத்து வந்தது. சார்ஜ் இல்லை, உயிர் இல்லை, பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றுமில்லை. அக்கா முகத்தில் தூக்கமில்லை. டி.சி. சப்ளையில் மாட்டினேன். மெயின் லைனில் முழு ஷார்ட். ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரோசின் என்கிற மரப்பிசினைப் புகைய வைத்துப் போர்டின் மேல் பிடித்தால் வெள்ளையாகப் படியும், மார்கழிப் பனி போல. ஒரு வோல்ட் அளவுக்குக் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் கொடுத்தால், ஷார்ட் ஆன இடம் சூடாகி அங்கே மட்டும் பனி உருகி வழிவிடும்.

உருகிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடித் தகட்டின் ஓரச் சுவருக்கு அடியில், நான் கழுவாமல் விட்ட பேஸ்ட் காய்ந்த பழுப்புப் பிசினுக்குள், இன்னொரு கெப்பாசிட்டரின் முனைக்கும் அந்தச் சுவருக்கும் தன் உலோக நுனி ஒன்றால் பாலம் போட்டுக்கொண்டு அது குறுக்கே படுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஓடி மறைந்த அதே சாமான். சார்ஜ் ஏறும்போதெல்லாம் பிசின் இளகி இளகி, நகர்ந்து நகர்ந்து, வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ட்வீஸரால் எடுத்தேன். ஷார்ட் போய்விட்டது. அவ்வளவுதான் ரிப்பேர். மூச்சு விடுகிற நேரம். பிறகு அன்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செத்த போர்டிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் எடுத்து, டேப் போட்டு, காற்றைத் தணித்து வைத்து, காத்திருந்து, காலி இடத்தில் உட்கார வைத்தேன். கழுவினேன். பதினான்கு நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதால் தெரியும்.

“என்ன ஆச்சு தம்பி?”

“மெயின் லைன்ல ஷார்ட் அக்கா. நல்லவேளை போர்டு தப்பிச்சுது.”

ஒரு வார்த்தை பொய் இல்லை, பாருங்கள். 1,200 என்றேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சும்மா கொடுத்தால், ஏன் சும்மா கொடுக்கிறான் என்று யோசிப்பாரோ என்கிற பயமாக இருக்கலாம். பணம் வாங்கினால்தான் குற்றம் என்னுடையது இல்லை என்று ஆகும் போல ஒரு புத்தி. அக்கா பேரம் பேசவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா தம்பி? திரும்பத் திரும்பப் போவுதே.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்.

“ராத்திரி பூரா சார்ஜ் போடாதீங்க அக்கா.”

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் ஒருநாள் சட்டைப் பையில் 1,200 ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். உள்ளே ஒரு பெண் காத்திருந்தாள். அக்கா பிளேடை வைத்து ஒரு பிளவுஸ் கையின் தையலைச் சரசரவென்று பிரித்துக்கொண்டிருந்தார். “முன்கை பின்கை மாத்தி வச்சுட்டேன்மா. என் தப்புதான். அரை மணி நேரம் உக்காரு, பிரிச்சு வச்சுத் தந்துர்றேன்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அந்தப் பெண்ணும் சரி என்று உட்கார்ந்து, போனைச் சார்ஜில் போட இடம் கேட்டாள்.

“அந்தா, அங்க போடு. நூறு ஆனதும் உருவிரு. நைட்டு பூரா போட்டு விட்டீன்னா உள்ள ஷார்ட் ஆயிரும். இதோ, இந்தத் தம்பிதான் எனக்குச் சொல்லிச்சு. அதுலேர்ந்து நான் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து போடறேன். ஒரு கம்ப்ளைண்டு இல்ல.”

அஞ்சு மணிக்கு. இத்தனை வருடமாக.

“சொல்லுங்க தம்பி, என்ன விஷயம்?”

பையில் இருந்த பணத்தைத் தொட்டேன். அதற்கு மேலே சட்டையின் இரண்டாவது பட்டன் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லக்கா. இந்தப் பட்டன்...”

சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார வைத்து, ஊசியில் நூல் கோத்து, நாலு குத்து, ஒரு சுற்று, பல்லால் நூலைக் கடித்து எடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன்.

“அட போங்க தம்பி” என்றார்.